கறுப்பாக இருந்தால் பிரெய்ரி மண் ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் நாளிதழின் விவசாயப் பக்கத்தில் நீலகிரி மண்ணைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எங்கள் மேட்டு நிலத்து மண் கனடாவின் பிரெய்ரி என்ற புல்வெளிச் சமவெளி மண்ணைப் போலக் கறுத்துக் கொழுத்த மண், எதைப் போட்டாலும் விளையும் என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் என் வீட்டில் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அதே நம்பிக்கையில் ஒரு போகம் முட்டைக்கோஸைப் பறிகொடுத்தவன் நான். எமரால்டு பக்கம் இரண்டரை ஏக்கரில் கேரட், உருளை, முட்டைக்கோஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மண்ணியல் படித்தவன் இல்லை. இருந்தாலும் இந்தக் கறுப்பு விஷயத்தில் கொஞ்சம் பட்டு, கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த பிரெய்ரி. என் அக்கா மகன் கனடாவில் சஸ்காட்டூன் பக்கம் ஒரு தானியப் பண்ணையில் வேலை பார்க்கிறான். ரேஷன் கடையில் துவரம் பருப்புக்குப் பதிலாக ‘கனடா பருப்பு’ என்று கொடுத்தார்களே, அந்த நாட்டின் பயறில் பெரும்பங்கு விளைவது சஸ்காட்டூன் இருக்கும் சஸ்காட்செவான் மாகாணத்தில்தான். போன கோடையில் பண்ணையில் மண் பார்க்க ஆள் வந்து குழி வெட்டியபோது இவன் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்து அனுப்பினான். குழிச் சுவரில் மேலே ஒரு சாண் அகலத்துக்குக் கரும்பழுப்பாக ஒரு பட்டை, நாம் கேப்பைக் களி கிண்டுவோமே ஏறக்குறைய அந்த நிறம். அதற்குக் கீழே வெளிறிய பழுப்பு. இன்னும் கீழே, முழங்கால் ஆழத்தில், சுவரில் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளை படர்ந்திருக்கிறது. வந்தவர் ஒரு சின்ன புட்டியிலிருந்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அந்த வெள்ளையில் சொட்டினார், சோடா திறந்தாற்போல நுரைத்துக்கொண்டு வந்தது. அப்புறம் பெயிண்ட் கடை அட்டை போல ஒரு புத்தகத்தை எடுத்து, ஈர மண்ணை அதன் நிறக் கட்டங்களுக்குப் பக்கத்தில் வைத்து எண் குறித்துக்கொண்டார். மன்செல் நிற அட்டை என்று பெயராம்.

“மாமா, அந்த நுரையைப் பார்த்தீங்களா, அதுதான் முக்கியம், கறுப்பு அப்புறம்தான்” என்றான் அவன். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

அந்த வகை மண்ணுக்கு கனடாக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் செர்னோசெம். ரஷ்ய மொழியில் கறுப்பு மண் என்றே பொருள். தோக்குச்சாயெவ் என்ற ரஷ்யர் 1883-ல் அந்த மண்ணைப் பற்றி எழுதியதிலிருந்துதான் மண்ணை அடியிலிருந்து உச்சி வரை ஒரே உடம்பாகப் பார்க்கும் பழக்கம் வந்தது என்கிறார்கள். பனிப்பாறைகள் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் உருகிப் பின்வாங்கியபோது அரைத்துப் போட்டுவிட்டுப் போன சரளையும் களியும் வண்டலும்தான் அங்கே அடிமண். அதிலே சுண்ணாம்பு ஏராளம். அதன்மேல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புல் வளர்ந்து, வேர்கள் மண்ணுக்குள்ளேயே செத்துச் செத்து மட்கியதால் வந்தது அந்தக் கறுப்பு. மழையோ சஸ்காட்டூன் பக்கம் ஆண்டுக்கு 350 மி.மீ சுற்றுவட்டம்தான். அவ்வளவு கொஞ்சம் மழைக்குச் சுண்ணாம்பைக் கரைத்து முழுசாக வெளியே தள்ளத் தெம்பில்லை, கொஞ்ச தூரம் கீழே இறக்கி முழங்கால் ஆழத்தில் விட்டுவிடுகிறது. அந்த வெள்ளைப் பட்டையும், அமிலம் பட்டதும் வந்த நுரையும் அந்தச் சுண்ணாம்பால்தான்.

வகைப்பாடு என்றால் பெயர் வைப்பதோடு முடிவதில்லை, கணக்கு இருக்கிறது. கனடா முறையில் செர்னோசெம் என்று எழுத வேண்டுமானால் மேல் அடுக்கு குறைந்தது 10 செ.மீ கனம் இருக்கவேண்டும், அதில் கரிமம், அதாவது மட்கில் இருக்கும் கார்பன், 1 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, நிறம் அட்டையில் குறிப்பிட்ட அளவுக்குக் கறுத்திருக்கவேண்டும். இதெல்லாம் சரி. முக்கியமான நிபந்தனை ஒன்று பாக்கி இருக்கிறது. மண் துகள்களில் ஊட்டம் உட்காரும் இடங்களை மஞ்சூர் பஸ்ஸின் சீட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செர்னோசெம்மில் நூற்றுக்கு 80 சீட்டுக்கு மேல் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் மாதிரி பயணிகள் உட்கார்ந்திருக்கவேண்டும், அதிலும் கால்சியம்தான் அதிகம். அமெரிக்க முறையில் இதே இனத்து மண்ணுக்கு மொல்லிசால் என்று பெயர், அங்கே பாதி சீட்டு நிறைந்தால் போதும். மென்மை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர்.

அமெரிக்கப் பெயர்களை முதலில் கேட்டால் வாய் நுழையாது, ஆனால் பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு அது விளையாட்டு. மொல்லிசால் வகை எல்லாவற்றுக்கும் விகுதி ‘ஓல்’. முன்னால் ‘உஸ்ட்’ சேர்ந்து ‘உஸ்டோல்’ என்றால் அவ்வப்போது காய்ந்துபோகும் மண், ‘உடோல்’ என்றால் பெரும்பாலும் ஈரம் இருக்கும் மண், ‘அக்வோல்’ என்றால் நீர் தேங்கும் மண். பெயரைப் பிரித்தாலே அந்த நிலத்தில் வடிகால் வேண்டுமா வேண்டாமா என்று பாதி தெரிந்துவிடும். நம் ஆட்கள் மட்டும் சளைத்தவர்களா என்ன, செம்மண், கரிசல், வண்டல், களர், உவர், செம்பொறை என்று பெயரிலேயே குணத்தைச் சொன்னவர்கள்தான். ஆனால் மலைக்கு வரும்போது எல்லாமே ‘மலை மண்’ என்று ஒரே மூட்டையில் போய்விடுகிறது. அது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கனடாக்காரர்கள் செர்னோசெம்மையும் நான்காகப் பிரிக்கிறார்கள்: பழுப்பு, கரும்பழுப்பு, கறுப்பு, கருஞ்சாம்பல். மழை மிகக் குறைந்த தென்மேற்கில் பழுப்பு, அங்கிருந்து ஈரம் கூடக் கூடக் கரும்பழுப்பு, கறுப்பு, கடைசியில் காடு ஆரம்பிக்கிற விளிம்பில் கருஞ்சாம்பல். என் அக்கா மகன் நிற்பது கரும்பழுப்பு மண்டலத்தில். எல்லா பிரெய்ரியும் ஒரே கறுப்பு என்று உங்கள் கட்டுரை எழுதியது அங்கேயே தவறிவிட்டது. அதைவிட வேடிக்கை, ஒரே வயலுக்குள்ளேயே மண் மாறுகிறது. மேட்டு உச்சியில் கறுப்பு மெலிந்து, சில இடங்களில் உழவு ஓட்டி ஓட்டி மேல்மண் சரிந்துபோய், அடியில் இருந்த வெள்ளை வெளியே தெரிகிறது. நடுச்சரிவில் நல்ல செர்னோசெம். பள்ளத்தில் தண்ணீர் நின்று, சாம்பலும் துருப்புள்ளியுமாக கிளைசால் என்ற வேறு இனமே ஆகிவிடுகிறது. வீடியோவில் அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. மேல் படிமட்டத்தில் மண்வெட்டி போட்டால் மஞ்சளும் சிவப்புமாக வரும், ஓடைக்கரைப் பாத்தியில் கரி அள்ளுவதுபோல அள்ளலாம். சரிவு எந்த நாட்டில் இருந்தாலும் மண்ணைக் கீழேதான் இழுக்கிறது.

சரி, எங்கள் மண்ணுக்கு வருகிறேன்.

வீடியோ வந்த அடுத்த வாரம் நானும் ஒரு குழி வெட்டினேன், நாலடி ஆழம். மேலே ஒன்றரை அடிக்கு நல்ல கறுப்பு. சொல்லப்போனால் சஸ்காட்டூன் மண்ணைவிடக் கறுப்பு, பட்டையின் தடிமனும் அதைவிட அதிகம். கையில் எடுத்தால் கனமே இல்லாமல் மெத்தென்று இருக்கும், ஈரமாக விரலில் தேய்த்தால் வழுக்கும். கீழே போகப்போக மஞ்சள் கலந்த பழுப்பு, அப்புறம் செங்களி, கடைசியில் கடப்பாரை முனையில் உதிரும் பாறை. வெள்ளைப் பட்டை மருந்துக்கும் இல்லை. ஊரில் ரசாயனம் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர் நீர்த்த அமிலம் கொண்டுவந்து ஒவ்வோர் அடுக்கிலும் சொட்டிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன், “ஆசிட்டு செத்துப்போச்சு சார், புதுசா வாங்கிட்டு வாங்க” என்றார். ஆசிரியருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த முறை சூலூர் பக்கம் தன் மாமனார் வீட்டுக் காட்டிலிருந்து ஒரு பை கரிசலும் அதில் கிடந்த சுக்காங்கல் என்ற சுண்ணாம்புக் கட்டியும் எடுத்துவந்து அதே புட்டியிலிருந்து சொட்டிக் காட்டினார். பொங்கிவிட்டது.

ஆக மூன்று கறுப்பு. பிரெய்ரியின் கறுப்பு புல்வேர் மட்கியது, கால்சியத்தோடு கட்டிக்கொண்டு இருக்கிறது. கரிசலின் கறுப்பு வேறு சமாச்சாரம், அதிலே மட்கு குறைவுதான், விரிந்து சுருங்கும் களியோடு அந்தக் கொஞ்சம் மட்கும் இறுகப் பிணைந்து நிறம் கொடுக்கிறது, கோடையில் கால் போகிற அளவுக்கு வெடிக்கும். அதன் இனப் பெயர் வெர்ட்டிசால். கனடாவிலும் பழைய ஏரிப் படுகைக் களிநிலங்களில் அப்படி வெடிக்கிற மண் உண்டு, அதைத் தனி வரிசையாகச் சேர்த்ததே 1998-ல்தான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஓர் ஆறுதல், அவர்களுக்கும் பெயர் வைக்க நாளாகியிருக்கிறது. மூன்றாவது எங்கள் கறுப்பு. இங்கேயும் மட்கு ஏராளம், இங்கேயும் சோலைகளைச் சுற்றிப் புல்வெளிதான் இருந்தது, சீகையும் கற்பூர மரமும் வருவதற்கு முன்னால். குளிரில் மட்கு சீக்கிரம் அழியவும் அழியாது. அதுவரைக்கும் பிரெய்ரிக்கு அண்ணன் தம்பி என்றே சொல்லலாம். ஆனால் இந்த மட்கைப் பிடித்து வைத்திருப்பது கால்சியம் இல்லை, அலுமினியமும் இரும்பும்.

அடியில் இருப்பது சார்னோக்கைட் பாறை, கணக்கில்லாத காலமாக மழையில் ஊறி ஊறிச் சத்தெல்லாம் கரைந்துபோன பாறை. ஊட்டியிலேயே ஆண்டுக்கு 1,000 மி.மீ-க்கு மேல் மழை, அவலாஞ்சி பக்கம் கேட்கவே வேண்டாம், 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ-க்கு மேல் கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட மழையில் பஸ்ஸிலிருந்து கால்சியமும் மெக்னீசியமும் இறங்கிப்போய்விடும், காலியான சீட்டில் அலுமினியமும் ஹைட்ரஜனும் உட்கார்ந்துகொள்ளும். அதைத்தான் புளித்த மண், அமில மண் என்கிறோம். எங்கள் பக்கம் அமிலநிலை (pH எண், 7-க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு அதிகம்) 4.5-லிருந்து 5.5 என்பது சர்வசாதாரணம். செர்னோசெம்மோ பெரும்பாலும் 6-க்கும் 8-க்கும் நடுவில் நிற்கிற மண். நிறத்தில் தேர்வாகி, தடிமனில் தேர்வாகி, கரிமத்தில் முதல் மார்க் வாங்கி, இந்த ஒரே பாடத்தில் எங்கள் மண் தோற்றுவிடுகிறது. தோற்றுவிடுகிறது என்று சொல்வதும் தப்பு, அது வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

எந்தப் பள்ளிக்கூடம் என்பதற்கும் பதில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மண்ணியலாளர்கள் நீலகிரியின் மேல்மட்ட மண்ணை ஆராய்ந்து, அது ஆன்டிசால் இனத்தின் குணங்களைக் காட்டுகிறது என்று எழுதினார்கள். ‘அன்டோ’ என்றால் ஜப்பானிய மொழியில் கருமண். வழக்கமாக எரிமலைச் சாம்பலில் உருவாகும் இனம் அது. இங்கே எரிமலை ஏது? குளிரும் மட்கும் அலுமினியமும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்துவிட்டன. ஆன்டிசாலுக்கு இரண்டு அடையாளம் சொல்கிறார்கள், இரண்டும் விவசாயிக்குப் புரியும். ஒன்று, எடை மிகக் குறைவு. ஒரு லிட்டர் கொள்ளளவு மண்ணைக் கலைக்காமல் எடுத்துக் காயவைத்தால் ஏறக்குறைய 900 கிராமைத் தாண்டாது, சாதாரண வயல் மண் 1,200, 1,300 கிராம் இருக்கும். இரண்டாவது, போடுகிற பாஸ்பேட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு பயிருக்குக் கொடுக்காது. சூப்பர் பாஸ்பேட் மூட்டை மூட்டையாகக் கொட்டியும் பயிர் ஊதா நிறத்தில் வாடி நிற்பதை எங்கள் பக்கம் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். நீலகிரி முழுக்க இப்படி என்று நான் சொல்லமாட்டேன். மேல்மண் அடித்துக்கொண்டு போன சரிவுகளில், பழைய தேயிலைக் காடுகளில், அடியில் இருந்த செங்களியே மேலே வந்துவிட்டது, அதற்கு வேறு பெயர், வேறு வைத்தியம்.

இப்போது என் முட்டைக்கோஸ் கதை. சில வருடங்களுக்கு முன் உரக்கடை ஒன்றில் சுண்ணாம்பு கேட்டபோது, “கறுப்பு மண்ணுக்கு எதுக்குங்க சுண்ணாம்பு, அது செம்மண்காரங்க போடுறது, நீங்க காம்ப்ளெக்ஸ் போடுங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு வந்தேன், தப்பு என் பேரிலும் இருக்கிறது. நாற்று நட்டு நாற்பது நாளில் மத்தியானம் ஆனால் செடி துவளும், சாயங்காலம் நிமிரும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க விரல் விரலாக வீங்கியிருக்கிறது. வேர் வீக்க நோய். அமில மண்ணில்தான் அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். பாதி காடு போய்விட்டது. அதற்கு முந்தைய வருடமே ஒரு பரிசோதனைக்கூடத்தில் மண் கொடுத்துச் சீட்டு வாங்கியிருந்தேன். அதில் அமிலநிலை எண் அச்சடித்திருந்தது, ஆனால் பரிந்துரைப் பகுதியில் யூரியா, சூப்பர், பொட்டாஷ் கணக்கு மட்டும்தான். சுண்ணாம்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. சமவெளிக்கு அச்சடித்த படிவமோ என்னவோ. (கனடாவிலும் முட்டைக்கோஸின் உறவான கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரில் இதே நோய் 2003-ல் ஆல்பர்ட்டாவில் தலைகாட்டி அங்கேயும் தலைவலியாகிவிட்டதாம். ஆக நல்ல மண் என்ற பட்டம் எவனையும் காப்பாற்றுவதில்லை.)

சுண்ணாம்பு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டவும் முடியாது. முட்டைக்கோஸுக்கு நல்லது என்று அள்ளிப் போட்டு அடுத்த போகம் உருளை வைத்தால் கிழங்கில் சொறி வந்து விலை போகாது. தேயிலைக்கோ இந்தப் புளிப்புதான் வேண்டும். அளவோடு டோலமைட் சுண்ணாம்பு போடுவது, எந்தப் பயிருக்கு முன்னால் போடுவது, பாஸ்பேட்டை வீசி இறைக்காமல் வேர்ப்பக்கம் வைப்பது, இதெல்லாம் மண்ணின் இனம் தெரிந்தால் தானாக வரும் கேள்விகள். ‘கறுத்துக் கொழுத்த மண்’ என்று படித்தவனுக்கு இந்தக் கேள்வி எதுவும் தோன்றாது, எனக்குத் தோன்றவில்லையே.

மண்வள அட்டைத் திட்டம் 2015-ல் வந்தது. அமிலநிலை, உப்பு, கரிமம், தழை மணி சாம்பல், நுண்ணூட்டம் என்று 12 அளவுகள் தருகிறார்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் மாதிரி எடுப்பது மேலே ஒரு சாண் மண்ணில் மட்டும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது, இது எந்த இனத்து மண், நீர் எங்கே போய் நிற்கும் என்று அட்டையில் இடமே இல்லை. ஆளைப் படுக்கவைத்து நாக்கை மட்டும் பார்த்துவிட்டு மருந்து எழுதுவது மாதிரி. நாக்பூரில் மண் வரைபடத்துக்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது, ஊட்டியில் 1954 முதல் மண்-நீர் பாதுகாப்புக்கான ஆராய்ச்சி மையம் இருக்கிறது, படித்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஊருக்கு மூன்று குழி, மேட்டில் ஒன்று, நடுச்சரிவில் ஒன்று, ஓடைக்கரையில் ஒன்று, வெட்டிப் பார்த்து அந்த ஊர் அட்டைகளில் மண்ணின் பெயரையும் சுண்ணாம்புத் தேவையையும் அச்சடித்தால் போதும். நான் கேட்பது அவ்வளவுதான். உங்களிடம் கேட்பது, அடுத்த முறை மலை மண்ணைப் பற்றி எழுதும்போது நிறத்தோடு அமிலநிலையையும் ஒரு வரி போடுங்கள்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னபோது அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “ஒரு பொட்டலம் நம்ம மண்ணு அனுப்புங்க மாமா, இங்க காட்டலாம்” என்றான். மண்ணை அப்படிக் கடல் தாண்டி அனுப்ப அந்த நாட்டுச் சட்டம் விடாது, அதுவும் எங்கள் மண்ணில் உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்க நூற்புழுவை 1961-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள், கேட்கவே வேண்டாம். போட்டோதான் அனுப்பினேன், அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் கொத்தை நிறுத்தி வைத்து.

குழியை இன்னும் மூடவில்லை. உங்கள் நிருபர் யாராவது வந்து பார்ப்பதாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் வரச் சொல்லுங்கள், மழை பிடித்துவிட்டால் சுவர் சரிந்துவிடும், பக்கத்துத் தோட்டத்து மாடு வேறு ராத்திரியில் அவிழ்த்துக்கொண்டு வருகிறது.

இப்படிக்கு,
ஒரு காய்கறி விவசாயி,
எமரால்டு, நீலகிரி